குழி வெட்டாதீர்கள், மேடு போடுங்கள்: வீட்டுத் தோட்டத்தில் அவகாடோ வளர்க்க ஒரு முழு வழிகாட்டி

என் தோட்டத்தில் இன்று காய்த்துக்கொண்டிருப்பது மூன்றாவதாக வைத்த அவகாடோ. முதல் இரண்டும் செத்துப்போயின. முதல் கன்றுக்கு, தென்னம்பிள்ளை வைக்கிற மாதிரி மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, தொழு உரம் கொட்டி, தரையைவிட அரையடி பள்ளத்தில் வைத்தேன். ஐப்பசி அடைமழையில் குழி குளமாகிவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் இலையெல்லாம் தொங்கிப்போனது. தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன். ஒரு வாரத்தில் கன்று கதை முடிந்தது.

இரண்டாவதை அதே குழியில் வைத்தேன். அது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. செத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய நுனிவேர்கள் கறுத்து, விரலால் தொட்டாலே நூல் நூலாக உதிர்ந்தன. அவகாடோ வளர்ப்பில் பாதி வேலை வேரைக் காப்பாற்றுவதுதான். அதனால் இந்த வழிகாட்டியிலும் பாதிக்கு மேல் வேரைப் பற்றித்தான் இருக்கும்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம்

வெண்ணெய்ப் பழம், பட்டர் ஃப்ரூட், இலங்கைத் தமிழர் வாயில் ஆனைக்கொய்யா, எல்லாம் ஒன்றுதான். ஆனால் கொய்யாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது லவங்கப்பட்டை, பிரியாணி இலைக் குடும்பத்து மரம். பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நம் ஊரில் கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு, நீலகிரிச் சரிவுகள், பக்கத்தில் குடகு என்று காப்பித் தோட்டங்களுக்குள் பல காலமாக நிற்கிறது. மிளகுக்கொடிக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவே, பெரிதாக யாரும் கவனிக்காமல் காய்த்துக்கொண்டிருந்த மரத்துக்கு இப்போதுதான் மவுசு வந்திருக்கிறது.

இதில் மூன்று இனங்கள் உண்டு. மெக்சிகன் இனம் குளிர் தாங்கும். பழம் சிறியது, தோல் மெல்லியது, இலையைக் கசக்கினால் பல ரகங்களில் சோம்பு வாசம் வரும். குவாத்தமாலன் இனத்துக்குத் தடித்த சொரசொரப்பான தோல். மேற்கிந்திய இனம் கடலோர வெப்பத்துக்குப் பழகியது. அதன் பழம் பெரிது, தோல் வழுவழுப்பு, எண்ணெய்ச் சத்து குறைவு, உப்பை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கடையில் கறுத்த தோலோடு கிடைக்கும் ஹாஸ், குவாத்தமாலனும் மெக்சிகனும் கலந்த ரகம்.

இந்த வித்தியாசம் தெரியாமல் கன்று வாங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சமவெளியில் இருப்பவர்கள் இணையத்தில் பார்த்துவிட்டு ஹாஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் ஹாஸ் நட்டால், பூவெல்லாம் கருகிக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மதுரை, திருச்சி, சென்னை மாதிரி ஊர்களுக்கு பொல்லாக் போன்ற மேற்கிந்திய வகையோ, உள்ளூரில் ஏற்கெனவே காய்க்கிற மரத்திலிருந்து எடுத்த ஒட்டோதான் சரி. மலைப்பக்கமும் மலையடிவாரமும் என்றால் தேர்வு கூடுதல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் கீழ்ப்பழனி மலைக்கென்றே தேர்ந்தெடுத்த டிகேடி 1 என்ற ரகம் இருக்கிறது. நான் இருப்பது வத்தலக்குண்டு பக்கம், மலைக்குக் கீழே. சித்தப்பா தோட்டம் மேலே தாண்டிக்குடிப் பக்கம். ஒரே தாய்மரத்து ஒட்டு அங்கே போடும் இலைக்கும் இங்கே போடும் இலைக்குமே வித்தியாசம் தெரிகிறது.

விதையா, ஒட்டுக்கன்றா?

பழம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையில் நான்கு பல்குச்சி குத்தித் தண்ணீர் டம்ளரில் வைப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. முளைக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த மரம் காய்க்க ஆறேழு வருடம் ஆகலாம், பத்து வருடமும் தாண்டலாம். காய்த்தாலும் தாய்ப்பழம் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கொட்டையும் ஒரு புது ரகம். ஹாஸே அப்படி வந்ததுதான். கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1926இல் நட்ட ஒரு விதையிலிருந்து தற்செயலாக வந்த மரம் அது. 1935இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உலகத்தில் இன்று இருக்கும் ஹாஸ் மரம் எல்லாமே அந்த ஒரே மரத்தின் ஒட்டு வாரிசுகள். அந்தத் தாய்மரத்தை 2002இல் வெட்ட வேண்டி வந்தது. காரணம் வேரழுகல். என் இரண்டு கன்றுகளும் பெரிய இடத்து வழியில்தான் போயிருக்கின்றன.

காய்க்க வேண்டும் என்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். மூன்று, நான்கு வருடத்தில் பூ பார்க்கலாம். விதைக்கன்றை வீணாக்க வேண்டாம், அதையே வேர்ச்செடியாக, அதாவது ஒட்டுக்கு அடிச்செடியாக வைத்து, நல்ல மரத்தின் குச்சியை ஒட்டுக் கட்டத் தெரிந்தவரிடம் கொடுத்தால் மென்தண்டு ஒட்டுப் போட்டுத் தருவார். விதை போடுவதென்றால் பழத்திலிருந்து எடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். காய்ந்த கொட்டை முளைக்காது. பழுப்புத் தோலை உரித்துவிட்டு, தட்டையான அடிப்பக்கம் கீழே இருக்கும்படி பாதி மட்டும் மண்ணில் புதைத்தால் போதும்.

நர்சரியில் கன்றைப் பார்க்கும்போது இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒட்டு எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒட்டுக்கு மேலே இருக்கும் தளிர்தான் நீங்கள் காசு கொடுக்கும் ரகம். கீழே இருந்து கிளம்பியது வேர்ச்செடியின் தளிர். ஒருமுறை வாங்கிய கன்றில் மேல்தளிர் செத்துப்போய், கீழ்த்தளிர்தான் செழிப்பாக நின்றது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம், பையின் அடியைத் தடவிப் பாருங்கள். வேர் வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தாலோ, உள்ளே வட்டமாகச் சுற்றியிருந்தாலோ வேண்டாம். ஒன்றரை அடி, இரண்டு அடிக் கன்று போதும். ஐந்தடிக் கன்றுக்கு ஆசைப்பட வேண்டாம், சின்னதுதான் சீக்கிரம் ஊன்றும்.

இடமும் மண்ணும்

நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். ஆனால் பலத்த காற்று நேராக அடிக்கும் மூலை கூடாது, கிளை முருங்கை மாதிரி சுலபமாக முறியும். ஆடிக்காற்று அடிக்கிற பக்கம் சுவரோ, கிளைரிசிடியா வேலியோ இருந்தால் நல்லது. வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளுங்கள். கழிவுநீர்த் தொட்டிப் பக்கமும் வேண்டாம், அங்கே ஈரம் காயவே காயாது.

மண்ணில் முதலில் பார்க்க வேண்டியது வளம் இல்லை, வடிகால். அதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. நடப்போகிற இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் ஒரு சின்னக் குழி போடுங்கள். தண்ணீர் நிரப்பி முழுவதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் நல்ல மண். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே அவகாடோ தரைமட்டத்தில் பிழைக்காது. என் தோட்டத்தில் மேலே ஒரு அடி செம்மண், கீழே களி. இரண்டாம் நாள் மதியம்வரை தண்ணீர் நின்றது. இதை முதலிலேயே செய்து பார்த்திருந்தால் இரண்டு கன்றின் காசு மிஞ்சியிருக்கும்.

மண்ணின் பிஎச், அதாவது புளிப்பு-கார அளவு, 5லிருந்து 7க்குள் இருந்தால் மரத்துக்குச் சௌகரியம். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக இலை வரும். கரிசல்காட்டில் நடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மேடு போட்டு நடுவது

சரிவான மலைத்தோட்டத்தில் குழி வெட்டி நடலாம், தப்பில்லை. சரிவில் தண்ணீர் நிற்காது. சமதரையில் வீட்டுத் தோட்டம் என்றால் மேடுதான்.

நல்ல நேரம் ஆனி, ஆடி, ஆவணி. கத்திரி வெயில் தணிந்திருக்கும், ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடிக்க அவகாசமும் இருக்கும்.

இடத்தில் புல் பூண்டை எடுத்துவிட்டு, மண்வெட்டியால் ஆறடி விட்டத்துக்கு மண்ணை லேசாகக் கிளறிவிடுங்கள். ஆழமாகத் தோண்ட வேண்டாம். கிளறிய மண்ணின் மேல் கலவையைக் குவித்துக்கொண்டே போங்கள். என் கணக்கு: பத்துச் சட்டி செம்மண்ணுக்கு இரண்டு சட்டி நன்றாக மட்கிய தொழு உரம், ஒரு சட்டி ஆற்றுமணல் அல்லது பொடிச் சரளை. தொழு உரத்தை இதற்கு மேல் கூட்டாதீர்கள். உரம் மட்க மட்க மேடு அமுங்கும், கன்றின் கழுத்து மண்ணுக்குள் போய்விடும். மேடு ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி உயரம், அடியில் ஆறடி அகலம், மேலே மூன்றடி தட்டை. நெல் அம்பாரம் மாதிரி கூராகக் குவித்தால் ஒரே மழையில் கரைந்துவிடும். சரிவை மெதுவாக விடுங்கள். இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் அமுங்க விட்டு, அப்புறம் நடுங்கள்.

நடும் முந்தின நாள் கன்றுக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நடுவது சாயங்காலம். மேட்டின் உச்சியில் பை உயரத்துக்கு மட்டும் பள்ளம் எடுங்கள். பிளேடால் பையின் அடியை மட்டும் வெட்டி, கன்றைப் பையோடு பள்ளத்தில் நிறுத்தி, அப்புறம் பக்கவாட்டில் கீறிப் பையை மேலே உருவுங்கள். மண்கட்டி உடையவே கூடாது. மாங்கன்றின் மண் கொஞ்சம் உதிர்ந்தால் சமாளித்துக்கொள்ளும், அவகாடோ வேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, மேட்டிலும் அதே மட்டம். ஒரு விரல்கடை மேலே இருந்தாலும் பரவாயில்லை, கீழே போகக் கூடாது. ஒட்டு மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தெரிய வேண்டும். காலால் மிதித்து இறுக்காதீர்கள், கையால் அழுத்தினால் போதும். ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால், தண்டை இறுக்குவதற்கு முன் அறுத்துவிடுங்கள்.

காற்று அடிக்கும் பக்கம் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, பழைய பருத்தித் துணியால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். உடனே ஒரு குடம் தண்ணீர். அவ்வளவுதான். நட்ட அன்றே யூரியாவோ கோழி எருவோ போட்டால் வேர் வெந்துபோகும்.

முதல் இரண்டு வருடம்

இந்த மரத்தின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே படர்கின்றன. மற்ற மரங்களுக்கு இருப்பது மாதிரி வேர்த்தூவிகளும் இதற்கு அதிகம் இல்லை. அதனால்தான் இந்த மரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் கூடினாலும் தொல்லை, நான்கு நாள் குறைந்தாலும் தொல்லை. மேட்டில் வைத்திருப்பதால் கோடையில் சீக்கிரம் காயும் என்பதையும் மறக்கக் கூடாது. மேடு போடுகிறவன் தண்ணீரை மறந்தால் அதுவும் கன்றைக் கொல்லும்.

நாள் கணக்குப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். மேட்டு மண்ணில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். உதிரியாக இருந்தால் விடுங்கள். என் மண்ணுக்கு முதல் வருடம் கோடையில் வாரம் மூன்று தடவை, தடவைக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் என்று வந்தது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் தொடவில்லை. தண்டை ஒட்டித் தண்ணீர் ஊற்றாமல், ஒரு முழம் தள்ளி வட்டமாக விடுங்கள். சொட்டுக் குழாய் போடுவதென்றால் ஒரே இடத்தில் ஒரு சொட்டான் வைக்காமல், வட்டமாக நான்கு வைத்தால் வேர் எல்லாப் பக்கமும் ஓடும்.

தண்ணீரின் உப்பையும் கவனியுங்கள். இலை நுனியும் ஓரமும் துணியைத் தீயில் காட்டினது மாதிரி காபிப் பொடி நிறத்தில் கருகினால், பூச்சி மருந்து தேடாதீர்கள். பெரும்பாலும் அது உப்பு. ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அவகாடோவுக்கு விட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும், அதைத் தென்னைக்கு விடுங்கள். போர்த்தண்ணீர் உப்புக் கரித்தால், மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து மாற்றி மாற்றி விடுவது நல்லது. அல்லது மாதம் ஒருமுறை கூடுதலாகத் தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். வடிகால் இருக்கும் மேட்டில்தான் அதையும் செய்ய முடியும்.

அடுத்தது மூடாக்கு. இதை நான் உரத்தைவிட முக்கியமாகச் சொல்வேன். காய்ந்த சருகு, வேப்பிலை, துண்டாக்கிய தென்னை மட்டை, மரத்தூளைவிடப் பெரிய மரச் சீவல் என்று எது கிடைத்தாலும் அரையடிக் கனத்துக்கு மேடு முழுக்கப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். சருகு தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும், எங்கள் பக்கம் கரையானும் ஏறும். தென்னை நார்க்கழிவு போடுவதென்றால் நன்றாகக் கழுவி உப்பு போன பிறகு போடுங்கள். ஆறு மாதம் கழித்து மூடாக்கை மெல்ல விலக்கிப் பாருங்கள். சருகுக்கும் மண்ணுக்கும் நடுவே வெள்ளை நூல் மாதிரி வேர்கள் மேலேறி வந்திருக்கும். அவைதான் மரத்துக்குச் சோறு போடும் வேர்கள். பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுங்கள்.

அதனாலேயே சொல்கிறேன், இந்த மரத்தைச் சுற்றிக் கொத்தக் கூடாது. தோட்ட வேலைக்கு வருகிற அண்ணன், நாம் இல்லாத நேரத்தில் அக்கறையாக மண்வெட்டி போட்டு வட்டப்பாத்தி எடுத்துவிட்டுப் போவார். எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் அது சரி. இதற்கு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். களையைக் கையால் பிடுங்கினால் போதும்.

முதல் இரண்டு கோடைக்கு மேற்குப் பக்கம் நிழல் தேவை. நிழல்வலை கட்டலாம். நான் நான்கடி தள்ளி மூன்று அகத்தி விதை ஊன்றினேன். மூன்று மாதத்தில் ஆளுயரம் வந்து சாயங்கால வெயிலைத் தடுத்தது, வீட்டுக்குக் கீரையும் ஆனது. மரம் பெரிதானதும் வெட்டி மூடாக்கில் போட்டாயிற்று. இளம் தண்டில் நேரடி வெயில் பட்டால் பட்டை வெந்து வெடிக்கும். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தண்டுக்கு வெள்ளை அடித்துவிடுங்கள்.

உரம்

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. நட்டு மூன்று மாதம் ஆன பிறகு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கிலோ மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் மூடாக்கை விலக்கித் தூவி, மறுபடி மூடினால் போதும். மரம் வளர வளர அளவைக் கூட்டுங்கள். காய்க்கிற மரத்துக்கு வருடத்துக்கு 30, 40 கிலோ மட்கிய எரு. ரசாயன உரம் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சாம்பல் சத்துக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம். அதில் இருக்கும் குளோரைடு இந்த மரத்துக்கு ஆகாது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். புது இலை குட்டையாக, கொத்தாக, வெளிறி வந்தால் துத்தநாகம் குறைந்திருக்கிறது என்று பொருள். லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், அதில் பாதி அளவு நீர்த்த சுண்ணாம்பு சேர்த்துத் தளிர் விடும் காலத்தில் இலையில் தெளிக்கலாம்.

கவாத்தும் பெரிதாக வேண்டாம். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை வாரம்தோறும் கிள்ளுங்கள். மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும். அறுவடை முடிந்ததும் உயரத்தை 12, 15 அடிக்குள் நிறுத்தினால் பறிப்பது சுலபம். தாழ்ந்த கிளைகளை அழகுக்காகக் கழிக்காதீர்கள், அவைதான் தண்டுக்குக் குடை.

வேரழுகல் வந்துவிட்டால்

இதற்குக் காரணம் ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர். 1922இல் சுமத்ராவில் லவங்கப்பட்டை மரத்தில் முதலில் அடையாளம் கண்டதால் பட்டையின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. மலையில் மிளகுக்கொடியை ஒரே மழையில் வாட வைக்கும் நோயும் இதன் பங்காளிதான். மிளகு வைத்திருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஈரத்தில் நீந்தி வேரைத் தேடிவரும் உயிர் இது. மண்ணில் தண்ணீர் நிற்காவிட்டால் அதனால் வேகமாகப் பரவ முடியாது. மேடு போடுவதன் காரணமும் அதுதான்.

அடையாளம் எளிது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடும். புது இலை சின்னதாக, வெளிர் மஞ்சளாக வரும். உச்சிக்கிளை காயும். சில மரங்கள் சாகும் முன் அளவுக்கு மீறிக் குட்டிக்காய் பிடிக்கும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். மூடாக்கை விலக்கி நுனிவேரைப் பாருங்கள். பால்வெள்ளையாக, வளைத்தால் வளைந்தால் பிரச்சினை வேறு. கறுத்து ஒடிந்தால் இதுதான்.

முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. பக்கத்தில் வாய்க்கால் வெட்டித் தேங்குவதை வடியுங்கள். மூடாக்கைக் கூட்டி, அதற்கடியில் ஜிப்சம் தூவுங்கள். வாடிய கிளைகளைக் குறைத்தால் வேருக்குப் பாரம் குறையும். இலையில் பச்சை இருக்கும்போதே பொட்டாசியம் பாஸ்போனேட் தெளித்தால் பல மரங்கள் தேறும். அளவை டப்பாவில் போட்டிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழு உரத்தில் கலந்து போடுவது நட்ட நாளிலிருந்தே செய்தால் தடுப்பாக உதவும், முற்றிய நோயை அது மட்டும் குணப்படுத்தாது. செத்த கன்றின் குழியில் மறுபடி நடாதீர்கள். அந்த மண்ணை வாரிய மண்வெட்டியையும் கழுவி வெயிலில் காய வைத்த பிறகு அடுத்த மரத்துக்கு எடுத்துப் போங்கள்.

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தளிரில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வந்தால், தண்டில் ஏறும் எறும்பை முதலில் நிறுத்துங்கள். பிறகு தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தெளித்தால் அடங்கும். மலைப்பக்கம் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சி தளிரையும் பிஞ்சையும் குத்திக் கறுப்புப் புள்ளி வைக்கும். பழத்தில் வரும் கரும்புள்ளி அழுகலுக்குக் காய்ந்த குச்சிகளை நீக்கிக் காற்றோட்டம் கொடுப்பதே பாதி மருந்து. அணிலுக்கும் குரங்குக்கும் என்னிடம் மருந்து இல்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கவாத்துப் பண்ணிய தழையை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். இலையிலும் பட்டையிலும் பெர்சின் என்ற நச்சு இருக்கிறது. பால் கறக்கும் ஆட்டுக்கு மடிநோய் வரும், பால் நின்றுபோகும், அதிகம் தின்றால் இதயம் பாதித்துச் செத்தும்போகும். முயலுக்கும் குதிரைக்கும் ஆகாது. கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் பழத்தைக்கூடக் கூண்டுக்குள் வைக்கக் கூடாது.

பூ: காலையில் பெண், மறுநாள் ஆண்

மூன்றாவது மரம் நான்காம் வருடம் தை மாதம் பூத்தது. கிளை நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகப் பச்சை மஞ்சள் பூ. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கொத்தில் ஒரு பூவுக்கு நூல் கட்டிவைத்து, காலை ஒன்பது மணிக்குப் பார்த்தேன். நடுவில் சூல்முடி மட்டும் வெள்ளையாக நிமிர்ந்து நின்றது. சுற்றி இருந்த ஒன்பது மகரந்தக் கம்பிகளும் இதழோடு படுத்துக் கிடந்தன. மதியம் மூடிக்கொண்டது. மறுநாள் மதியத்துக்கு மேல் அதே பூ மறுபடி திறந்தது. இப்போது மகரந்தக் கம்பிகள் எழுந்து நின்றன. அவற்றின் நுனியில் குட்டிக் கதவு மாதிரி மூடிகள் திறந்து மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. நடுவில் இருந்த சூல்முடி வாடிப் பழுப்பேறியிருந்தது.

அதாவது ஒரே பூ முதல் நாள் பெண், மறுநாள் ஆண். காலையில் பெண்ணாகத் திறந்து மறுநாள் மதியம் ஆணாகும் மரங்களை ஏ வகை என்கிறார்கள். ஹாஸ், ரீட், பிங்கர்ட்டன் இதில் சேரும். மதியம் பெண்ணாகத் திறந்து மறுநாள் காலை ஆணாவது பி வகை. ஃபுயர்ட்டே, பொல்லாக், எட்டிங்கர் இந்த வகை. ஏ மரம் காலையில் மகரந்தத்துக்குக் காத்திருக்கும்போது பி மரம் கொடுக்கும். மதியம் தலைகீழ். இடம் இருந்தால் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று, 20 அடி இடைவெளியில் வையுங்கள். இடமில்லையா, கவலைப்பட வேண்டாம். வெயிலும் குளிரும் மாறும் நாட்களில் இந்த நேரக்கணக்கு கலைந்து, ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஒன்றாகத் திறந்திருப்பதுண்டு. என்னுடைய ஒற்றை மரம் அப்படித்தான் காய்த்தது. முதல் வருடம் 11 காய்.

தேனீ வராமல் எதுவும் நடக்காது. பூக்கும் காலத்தில் மருந்து அடிக்காதீர்கள். மரத்தடியில் துளசி, தும்பை இருந்தால் வெட்டாதீர்கள். ஒரு பெரிய மரம் லட்சக்கணக்கில் பூத்தாலும் நூற்றுக்கு ஒன்றுகூடக் காயாகாது. பட்டாணி அளவில் பிஞ்சு கொட்டுவதும் சாதாரணம்தான். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரை அள்ளி ஊற்றிவிடாதீர்கள்.

பறிப்பது

அவகாடோ மரத்தில் பழுக்காது. முற்றிய காயைப் பறித்து வைத்த பிறகுதான் மெத்தென்று ஆகும். எப்போது முற்றியது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். கீழ்மலையில் ஆடி, ஆவணி வாக்கில் அறுவடை மும்முரமாக இருக்கும், ரகத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். ஊதாவாக மாறும் ரகத்தில் நிறமே சொல்லிவிடும். பச்சையாகவே இருக்கும் ரகத்தில் தோலின் பளபளப்பு மங்கி லேசாக மஞ்சள் ஓடும். சந்தேகம் இருந்தால் பெரிய காயாக ஒன்றை மட்டும் பறித்து ஒரு வாரம், பத்து நாள் வைத்துப் பாருங்கள். சுருங்காமல் சீராக மெத்தென்று ஆனால் மரத்தில் இருப்பதும் தயார். ரப்பர் மாதிரி சுருங்கிக் கசந்தால் இன்னும் மூன்று வாரம் பொறுங்கள். அந்தக் காயை அறுக்கும்போது கொட்டையையும் பாருங்கள். அதைச் சுற்றிய தோல் காகிதம் மாதிரி காய்ந்து பழுப்பாக இருந்தால் முற்றிய காய். வெள்ளையாகத் தடித்து ஒட்டியிருந்தால் பிஞ்சு.

பறிக்கும்போது முறுக்கி இழுக்காதீர்கள். காம்பு பிடுங்கி வந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். கத்தரியால், அரை விரல்கடைக் காம்பு பழத்திலேயே இருக்கும்படி வெட்டுங்கள். கீழே விழுந்த காயைத் தனியாக வைத்து முதலில் தின்றுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிக்கவும் வேண்டாம். முற்றிய காய் சில வாரங்கள் மரத்திலேயே நிற்கும், தேவைக்கு நாலைந்தாகப் பறித்துக்கொள்ளலாம். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே கறுத்துவிடும். எங்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்குள் இரண்டு வாழைப்பழத்தோடு புதைத்துவிடுவோம். ஐந்தாம் நாள் காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, லேசாக உள்ளே போனால் எடுத்துவிடலாம்.